கால்தெரரா சொத்தானா 2014: பத்து வயது தாண்டிய எட்னா சிவப்பு ஒயின் இப்போது எப்படி இருக்கிறது

பாட்டில் இதுதான்: தெனுத்தா தெல்லே தெர்ரே நெரே என்கிற நிறுவனத்தின் கால்தெரரா சொத்தானா, எட்னா ரோஸ்ஸோ, 2014 அறுப்பு. சிசிலித் தீவின் எரிமலைச் சரிவில் விளைந்தது. குமுளியில் நண்பர் வீட்டில் வைத்துத் திறந்தோம். அதே தோட்டத்து 2019ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தோம். 2014 கிழடு தட்டவில்லை. இளமையின் முரட்டுத்தனம் அடங்கி, பழம் இன்னும் உள்ளே மிச்சமிருக்க, வாசனை அடுக்கடுக்காக விரிகிற கட்டத்தில் இருக்கிறது. இன்னும் நாலைந்து வருடம் இப்படியே நிற்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் வைத்திருக்க நான் துணிய மாட்டேன். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் ஒயின் பேச்சு வந்தாலே "பழசானால் நல்லது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி பழசானால் சப்பென்று ஆகிவிடும். சிலதுதான் வயதால் தேறும். எது தேறும், எத்தனை வருடம் தேறும், அதை எதை வைத்துச் சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பாட்டில்கள் வந்த வழி. நண்பரின் தங்கை இத்தாலியில் நர்ஸ் வேலை பார்க்கிறார். இடுக்கிப் பக்கம் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். லீவுக்கு வரும்போது ஆளுக்கு 2 லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால் 750 மில்லி பாட்டில் இரண்டை மட்டும் துணிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வந்தவுடனே திறக்க வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். இவ்வளவு தூரம் குலுங்கி வந்த பழைய ஒயினில் வண்டல் எல்லாம் கலங்கி இருக்கும், வாசனையும் கட்டிப்போட்ட மாதிரி அடங்கிக் கிடக்கும். சில வாரம் இருட்டில் படுக்க வைத்து, திறப்பதற்கு முந்தின நாள் நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் போய் உட்காரும்.

எங்கள் ஊர் கீழே, கம்பம் பள்ளத்தாக்கில். அங்கே கொண்டுபோகாமல் மேலேயே வைத்திருந்ததற்குக் காரணம் வெயில். கோடையில் கம்பத்தில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும், ராத்திரியும் சுவர் அனலடிக்கும். குமுளி 900 மீட்டர் வாக்கில் இருக்கிறது, நண்பர் வீட்டின் கீழறையில் மே மாதத்திலும் சில்லென்றுதான் இருக்கும். பழைய ஒயினுக்கு வயதைவிடப் பெரிய எதிரி சூடு. சூட்டில் பாட்டிலுக்குள் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், ராத்திரி குளிரும்போது சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இது தினமும் நடந்தால் இருபது வருடம் தாங்கக்கூடிய ஒயின்கூட ஒரே கோடையில் வெந்த பழ வாசனையோடு முடிந்துபோகும். எனவே நம் ஊரில் பழைய பாட்டில் கையில் கிடைத்தால், லேபிளில் உள்ள வருடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது எங்கே, எப்படி இருந்தது என்று கேட்பதுதான் முறை.

இந்த ஒயினைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். எட்னா, சிசிலியின் கிழக்குக் கரையில் 3,300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற எரிமலை. நம் ஆனைமுடி 2,695 மீட்டர் என்றால் அதன் உயரம் புரியும். இன்றும் புகைந்துகொண்டிருக்கிற மலை அது. 1981இல் வடக்குச் சரிவில் வழிந்த எரிமலைக் குழம்பு ராந்தாட்ஸோ ஊருக்குப் பக்கத்தில் வந்து திராட்சைத் தோட்டங்களை விழுங்கிவிட்டுத்தான் நின்றது. அந்த ராந்தாட்ஸோவை ஒட்டித்தான் இந்தக் கால்தெரரா தோட்டம், 600, 700 மீட்டர் உயரத்தில். மண் என்று சொல்வதைவிடக் கல் என்று சொல்லலாம், கறுப்புக் கல்லும் லேசான எரிமலைக் கல்லும் கலந்து கிடக்கிற நிலம். எட்னாவில் இப்படி ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயர் உண்டு, அந்தப் பெயரையே லேபிளில் போடுகிறார்கள், ஏனென்றால் ஒரு காலத்துக் குழம்பு மேல் இருக்கிற தோட்டத்துக்கும் வேறு காலத்துக் குழம்பு மேல் இருக்கிற தோட்டத்துக்கும் ஒயினில் வித்தியாசம் தெரிகிறது.

எட்னா ரோஸ்ஸோ என்று லேபிளில் போட வேண்டுமானால் குறைந்தது 80 சதவீதம் நெரெல்லோ மஸ்கலேஸே என்ற கறுப்புத் திராட்சை இருக்க வேண்டும். மிச்சத்தில் நெரெல்லோ கப்புச்சோ சேர்ப்பார்கள், அது நிறத்துக்கும் கொஞ்சம் மென்மைக்கும். 1968லேயே சட்டப்படியான பெயர் கிடைத்துவிட்டாலும் ரொம்ப காலம் இந்தச் சரக்கு பீப்பாய் பீப்பாயாக வெளியே போய் மற்ற ஒயினில் கலக்கத்தான் பயன்பட்டது. 1980களின் கடைசியில் பெனாந்தி குடும்பம் தரமாகச் செய்ய ஆரம்பித்தது. 2000த்துக்குப் பிறகு வெளியாட்கள் வந்தார்கள்: பாஸோபிஷாரோவை ஆரம்பித்த அந்திரேயா பிராங்கெத்தி, பெல்ஜியத்திலிருந்து வந்த பிராங்க் கார்னலிஸன், அப்புறம் 2002இல் தெர்ரே நெரேவைத் தொடங்கிய மார்கோ தெ கிராட்சியா. தெ கிராட்சியா அதற்கு முன் ஒயின் வியாபாரத்தில் இருந்தவர், தனித்தனித் தோட்டங்களைத் தனித்தனியாகப் பாட்டிலில் அடைக்கிற பழக்கத்தை எட்னாவில் அழுத்தமாகப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர். நாங்கள் குடித்தது அந்த முறையில் வந்ததுதான்.

2014 என்ற வருடத்துக்கும் ஒரு கதை உண்டு. அந்த வருடம் இத்தாலியின் பெருநிலத்தில் கோடை முழுக்க மழை, பல புகழ்பெற்ற பகுதிகளில் ஒயின் மெலிந்துபோனது. எட்னாவில் நேர்மாறு. வெயில் சரியாக அமைந்து, நிதானமாகப் பழுத்து, அருமையான அறுப்பு ஆனது. நெரெல்லோ மஸ்கலேஸே அக்டோபரில்தான் பழுக்கும். பகலில் வெயில், ராத்திரியில் மலைக்குளிர், இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி, இப்படி வாரக்கணக்கில் போனால்தான் தோல் முற்றும், அதே சமயம் புளிப்பும் கரையாமல் நிற்கும். இந்த இரண்டும்தான், தோலின் துவர்ப்பும் பழத்தின் புளிப்பும்தான், சிவப்பு ஒயினுக்கு ஆயுள். சர்க்கரையும் வாசனையும் எவ்வளவு இருந்தாலும் இவை இல்லாவிட்டால் ஒயின் நாலு வருடம் தாங்காது.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

திறப்பதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒயின் மட்டம் கழுத்துக்குள்ளேயே இருந்தது, கார்க்கிலிருந்து இரண்டு விரல் இடைவெளி. பத்து வயது பாட்டிலுக்கு இது நல்ல அறிகுறி. மட்டம் தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் கார்க் கசிந்திருக்கிறது, காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பாட்டில் வாயை மூடியிருந்த தகட்டை வெட்டியபோது கார்க்கின் மேல்பக்கம் உலர்ந்து சுத்தமாக இருந்தது, பிசுபிசுப்பு இல்லை. மெதுவாக இழுத்தோம், உடையாமல் வந்தது. ஒயின் பட்ட அடிப்பக்கம் கருஞ்சிவப்பு, பக்கவாட்டில் கறை கால்வாசி உயரத்துக்கு மட்டும் ஏறியிருந்தது. கறை உச்சி வரைக்கும் ஓடியிருந்தால் சூட்டில் அடிபட்ட பாட்டில் என்று சந்தேகப்பட வேண்டும். கார்க்கை முகர்ந்தால் ஈர அட்டைப்பெட்டி வாசமும் இல்லை. அது வந்தால் கார்க் கெட்டது, ஒயினைக் கீழே ஊற்ற வேண்டியதுதான், எந்த வயதும் அதைச் சரிசெய்யாது.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கிளாஸில் ஊற்றினால் 2014 வெளிறிய செங்கல் நிறத்தில் இருக்கிறது, ஓரம் நன்றாகவே ஆரஞ்சுக்குத் திரும்பிவிட்டது, கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை தெரியும். பிரெஞ்சு போர்தோ ஒயின் பத்து வயதில் இந்த நிறத்தில் இருந்தால் முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நெரெல்லோ மஸ்கலேஸேயின் தோலில் நிறப்பொருள் முதலிலிருந்தே கம்மி. பக்கத்தில் இருந்த 2019கூட மாதுளைச் சாறு அளவுக்குத்தான் சிவப்பு, அதன் ஓரத்திலும் லேசாக ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. இந்தத் திராட்சைக்கு நிறம் வயதைச் சொல்லும் சாட்சியாக நிற்காது. நான் பார்ப்பது தெளிவு. 2014 கலங்கலில்லாமல் மினுமினுத்தது, அடியில் மட்டும் மெல்லிய வண்டல். பழுப்பேறி மங்கியிருந்தால்தான் கவலை.

வாசனை முதல் பத்து நிமிடம் சுணங்கியே இருந்தது. காய்ந்த இலை, கொஞ்சம் தோல் செருப்பு, அவ்வளவுதான். நண்பர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. விட்டுவைத்தோம். அரை மணி கழித்துத் திரும்ப எடுத்தபோது உள்ளே புளிப்புச் செர்ரி வந்திருந்தது, அதற்குப் பின்னால் காய்ந்த ரோஜா, ஆரஞ்சுத் தோல், சோம்பு மாதிரி ஒன்று, புகைந்து அணைந்த விறகு. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு புகை முன்னால் வந்து, செர்ரி பின்னால் போய், புதிதாக ஒரு மல்லிக்காப்பி மணம் ஏறியது. கிளாஸில் இப்படி மாறிக்கொண்டே போகிற ஒயினுக்கு உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. வயது கடந்ததோ ஊற்றிய உடனே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, இருபது நிமிடத்தில் வினிகரும் பழைய அரிசி மூட்டையுமாக அடங்கிவிடும். இந்த ஒரு சோதனை எனக்குப் பெரும்பாலும் போதும்.

வாயில் வைத்தால் முதலில் தெரிவது புளிப்பு. கூர்மையாக, நேராக, நாக்கின் இரண்டு ஓரத்திலும். நடுவில் பழம், இளமையில் இருந்திருக்கக்கூடிய சாறுத்தன்மை கொஞ்சம் வற்றியிருக்கிறது, அதன் இடத்தில் ஒரு உப்புச் சுவை, கல்லை நக்கினால் வருகிற மாதிரி. துவர்ப்பு ஈறில் படிகிறது, ஆனால் பிறாண்டவில்லை, மெல்லிய தூளாகப் பரவி அடங்குகிறது. விழுங்கிய பின்னால்தான் சங்கதி. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு இனிப்பு ஊறுமே, அப்படி ஒன்று பின்னால் வந்து ரொம்ப நேரம் நிற்கிறது. சர்க்கரை துளியும் இல்லாத ஒயினில் அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று நண்பர் இரண்டு மூன்று தடவை கேட்டார்.

மாமாவும் கூட இருந்தார். காமயகவுண்டன்பட்டியில் பன்னீர் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர், பந்தலுக்குக் கீழேயே பாதி வாழ்க்கை போனவர். முதலில் 2019ஐக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாப்ள, இது பழம் தின்ன மாதிரி இல்லையே, தோலையும் விதையையும் மென்ன மாதிரி இருக்கு" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். அப்புறம் 2014ஐக் கொடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இதுல தோல் இருக்கு, ஆனா ஊறிப்போச்சு" என்றார். ஒயின் விமர்சனம் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் எழுதுவதை அவர் அந்த நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

உள்ளே நடப்பதும் அதுதான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிற டானின் என்கிற துவர்ப்புப் பொருள் ஆரம்பத்தில் சின்னச் சின்னத் துண்டாக இருக்கும், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை உலர்த்தும். பாட்டிலில் கிடக்கக் கிடக்க, கார்க் வழியாக நுழைகிற அணு அளவு காற்றின் உதவியோடு, அவை ஒன்றோடொன்றும் நிறப்பொருளோடும் கைகோத்து நீளச் சங்கிலியாக ஆகும். ரொம்ப நீண்டது கனம் தாங்காமல் வண்டலாகக் கீழே இறங்கும். அதனால்தான் வயதான சிவப்பு ஒயினில் நிறமும் குறைகிறது, முரட்டுத் துவர்ப்பும் குறைகிறது, அடியில் வண்டலும் சேர்கிறது. இளம் பழ வாசனை மெல்லக் கழிந்து, காய்ந்த பூ, தோல், காளான், புகை மாதிரி வாசனைகள் அந்த இடத்துக்கு வரும். புளிப்பு மட்டும் பெரிதாகக் குறையாது. அதுதான் ஆபத்தும்: பழம் முழுக்கக் கழிந்து, புளிப்பு மட்டும் தனியாக நின்றால் ஒயின் எலும்புக்கூடு. வயதைக் கணிப்பது என்றால் இந்த மூன்றில் எது முன்னால் தீர்ந்துபோகும் என்று பார்ப்பதுதான். இந்த 2014இல் புளிப்பு முழுசாக இருக்கிறது, டானின் முக்கால்வாசி ஊறிவிட்டது, பழம் பாதிக்கு மேல் மிச்சம். முதலில் தீரப்போவது பழம். அதனால்தான் நாலைந்து வருடம் என்று கணக்குச் சொன்னேன்.

2019ஐப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல ஒயின், ஆனால் இன்னும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. செர்ரி, சிவப்பு ஆரஞ்சு, மரப்பீப்பாயின் லேசான வாசம் தனியாகத் தெரிகிறது. துவர்ப்பு கன்னத்தைப் பிடித்து இழுக்கிறது. இரண்டு மணி நேரம் குடுவையில் ஊற்றி வைத்தும் பெரிதாக இளகவில்லை. கையில் இருந்தால் 2028 வாக்கில் எடுங்கள்.

வீட்டில் யாரும் செய்யக்கூடிய ஒரு சோதனையைச் சொல்கிறேன், ஒயினின் ஆயுளைக் கணிக்க எனக்குத் தெரிந்ததில் இதுதான் நம்பகமானது. இரண்டு பாட்டிலிலும் கால்வாசி மிச்சம் வைத்து, கார்க்கைத் திருப்பி அடைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டோம். மறுநாள் சாயங்காலம் எடுத்தோம். 2019 முந்தின நாளைவிட நன்றாக இருந்தது, மர வாசம் கலந்துபோய்ப் பழம் முன்னால் வந்திருந்தது. ஒரு நாள் காற்றுப் பட்டதில் மேம்படுகிற ஒயினுக்குப் பாட்டிலில் வருடங்கள் பாக்கி இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம். 2014 அப்படியே நின்றது. மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை. பூ வாசம் கொஞ்சம் மங்கியிருந்தது, புகையும் உப்பும் இன்னும் தெளிவாக. மூன்றாம் நாள் ஒரு மிடறு மிச்சமிருந்தது, அதில்தான் முதல்முறையாக ஈர இலையும் லேசான சோயா வாசமும் தலைகாட்டியது. ஏறிமுடித்துச் சமதரையில் நடக்கிற ஒயின் என்ற என் முடிவு அங்கேதான் உறுதியானது.

மாமா கேட்ட ஒரு கேள்வியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். "நம்ம பன்னீர்ல இப்படிப் பண்ண முடியாதா?" என்றார். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். வெளியூரில் அதை மஸ்கட் ஹம்பர்க் என்பார்கள். அந்த ரகத்தின் பெற்றோரில் ஒன்று அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட். சிசிலியைச் சேர்ந்த பன்டெல்லேரியா தீவில் அதே கொடியை ஸிபிப்போ என்ற பெயரில் வளர்க்கிறார்கள், பலமான காற்றுக்குப் பயந்து நிலத்தில் குழி பறித்து, குட்டைப் புதராக. அந்த வளர்ப்பு முறையை 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆக நம் பந்தல் பழத்துக்குச் சிசிலியில் நேரடி உறவு இருக்கிறது, அதைக் கேட்டதும் மாமாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் அவர் கேள்விக்குப் பதில், முடியாது என்பதுதான். பன்னீரின் சிறப்பே அதன் மணம். பூ மணம் தருகிற அந்தப் பொருள்கள் பாட்டிலில் வருடக்கணக்கில் நிற்காது, சீக்கிரம் கழிந்துவிடும். தோல் மெல்லிசு, டானின் கம்மி. எல்லாவற்றுக்கும் மேலே, நம் கொடி தூங்குவதே இல்லை. எட்னாவில் குளிர்காலம் முழுக்கக் கொடி மொட்டையாக நின்று, வசந்தத்தில் துளிர்த்து, அக்டோபரில் ஒரே ஒரு அறுப்பு. இங்கே கவாத்து பண்ணிப் பண்ணி எழுப்பி, வருடத்துக்கு இரண்டு மூன்று அறுப்பு எடுக்கிறோம். ராத்திரிக் குளிர் இல்லாததால் புளிப்பும் சட்டென்று இறங்கிவிடும். இது குறையே கிடையாது. தின்கிற பழத்துக்கு இதைவிட என்ன வேண்டும். பன்னீரில் ஒயின் செய்தால் இளசாக, குளிரக் குளிர, மணம் இருக்கும்போதே அந்த வருடத்திலேயே குடித்துவிட வேண்டும். வயதாக்கிப் பார்க்கிற ஆசையை அதன்மேல் வைப்பது அந்தப் பழத்துக்குச் செய்கிற அநியாயம்.

சாப்பாடு விஷயம். நண்பர் வீட்டில் அன்று கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) பீஃப் உலர்த்தியதும். தேங்காய்ப் பல், குறுமிளகு, கறிவேப்பிலை எல்லாம் போட்டு வறண்டு வரும்வரை பிரட்டியது. 2014க்கு அது நன்றாகவே சேர்ந்தது. இறைச்சியின் கொழுப்பும் தேங்காயின் எண்ணெயும் துவர்ப்பை வாங்கிக்கொள்ள, ஒயினின் புளிப்பு வாயைக் கழுவிவிட, மிளகு ஒயினின் புகையோடு போய் ஒட்டிக்கொண்டது. ஆனால் மிளகோடு நிறுத்த வேண்டும். பச்சை மிளகாயும் வற்றல் தூளும் தூக்கலாக இருந்தால் ஆல்கஹால் எரிச்சலாகத் தெரியும், டானின் கசக்கும், பழ வாசனை ஓடிவிடும். மாமா பையில் கொண்டுவந்த நாட்டுக்கோழி வறுவலோடு குடித்துப் பார்த்தபோது அப்படித்தான் ஆனது, கோழி பிரமாதம், ஒயின் தண்ணீர். ஊறுகாய், மோர், புளிக்குழம்பு பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். வெறும் உப்பு போட்டு வறுத்த பிஸ்தாவும் முந்திரியும் நன்றாக ஒத்துப்போனது. எட்னாவின் மேற்குச் சரிவில் இருக்கிற புரொன்தே ஊர் பிஸ்தாவுக்குப் பேர்போனது, அந்த ஊர்க்காரர்களும் இப்படித்தான் கொறிப்பார்களாக இருக்கும்.

பரிமாறும் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அது ஐரோப்பாவின் அறை. இந்த ஒயினுக்கு 16, 17 டிகிரி சரி. கம்பத்தில் குடிப்பதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள், கிளாஸில் ஊற்றிய பிறகு தானே சூடேறிக்கொள்ளும். 28 டிகிரியில் குடித்தால் எவ்வளவு நல்ல எட்னாவும் சாராய நெடிதான் அடிக்கும். 2014ஐக் குடுவையில் ஊற்றி நெடுநேரம் வைக்காதீர்கள், வண்டலைப் பிரித்தவுடன் கிளாஸுக்கு மாற்றி, அங்கேயே விரியவிடுங்கள். பெரிய வாய் கிளாஸ் இருந்தால் நல்லது. அடியில் கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் விட்டுவிடுங்கள், அதில் மண் மாதிரி வண்டல்தான்.

விலை. இத்தாலியில் இதே நிறுவனத்தின் சாதாரண எட்னா ரோஸ்ஸோ 20 யூரோவை ஒட்டிக் கிடைக்கும், கால்தெரரா மாதிரித் தனித்தோட்டப் பாட்டில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. இந்தியாவுக்கு முறையாக இறக்குமதி ஆகி வரும் ஒயினுக்கு நீண்ட காலமாக 150 சதவீதம் சுங்க வரி, அதற்கு மேல் மாநில வரி, எனவே இங்கே கடையில் பார்த்தால் விலை கண்ணைக் கட்டும். நம் எல்லைப் பக்கத்துக் கடைகளில் இதைத் தேடிப் பிரயோசனமில்லை, இரண்டு பக்கத்திலும் அரசுக் கடைதான், அலமாரியில் இனிப்பு ஒயின்தான் அதிகம். விமானத்தில் வருகிற சொந்தக்காரர்தான் ஒரே வழி. பெருநகரத்துக் கடை ஒன்றில் முன்பு நான் வாங்கிய இத்தாலியச் சிவப்பு ஒன்று, கண்ணாடி அலமாரியில் டியூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டே வெந்துபோயிருந்தது, கார்க் அரை விரல் மேலே தள்ளியிருந்தது. பாட்டிலை நிற்க வைத்து, வெளிச்சத்தில், ஏசி ராத்திரி அணைக்கிற கடையில் பழைய ஒயின் வாங்க வேண்டாம். அதற்குப் பதில் இளசாக ஒன்றை வாங்கி நீங்களே குளிர்ந்த இடத்தில் வைத்து வளர்க்கலாம்.

காசுக்குத் தகுமா என்றால், 2014 தகும், யோசிக்காமல் சொல்வேன். ஆனால் எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். கனமான, கறுத்த, பழச்சாறு மாதிரிச் சிவப்பு ஒயின் பிடிக்கிறவர்களுக்கு இது மெலிசாகத் தெரியும். அவர்கள் சிசிலியின் தெற்கே விளைகிற நேரோ தாவோலா பக்கம் போகட்டும், அதில் பழமும் சதையும் அதிகம், விலையும் குறைவு. புளிப்பும் துவர்ப்பும் இருந்தால்தான் சாப்பாடே இறங்கும் என்கிற நாக்கு உள்ளவர்கள், அதாவது நம்மில் பாதிப் பேர், எட்னாவை ஒரு தடவை முயன்று பார்க்க வேண்டும். கையில் 2014 இருந்தால் 2030க்குள் குடித்துவிடுங்கள், அதுவும் குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான். கம்பம், தேனி மாதிரி இடத்தில் அலமாரிக்குள் வைத்திருந்தால் இந்தக் கோடைக்கு முன்னாலேயே திறந்துவிடுங்கள்.

நண்பரின் தங்கையிடம் அடுத்த லீவுக்கு இதே தோட்டத்து 2016 கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கூடவே பன்டெல்லேரியா ஸிபிப்போவில் செய்த இனிப்பு ஒயின் சின்ன பாட்டில் ஒன்று. அது மாமாவுக்கு. பன்னீர் அறுப்பு நடக்கிற சமயமாகப் பார்த்துத் திறந்து, பழத்தையும் ஒயினையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.